கார்டில் இல்லாத ஆள்

திருப்பதி
14.11.2021

அன்புள்ள ஹன்னாவுக்கு,

கர்த்தர் ஒரு கையால் உன்னையும் மறு கையால் ஜெமிமாவையும் பிடித்துக்கொள்ளட்டும்.

நம் வீட்டில் கடிதம் எழுதுகிற ஆள் நீ. நான் ஸ்டியரிங் பிடித்தவன், எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் எந்நேரமும் மகள் கையில். அதனால் சர்ச் பெருக்குகிற மேரி அக்கா பெயருக்கே எழுதுகிறேன். நம் விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் அவள் ஒருத்திதான். மூன்றோடு நிற்கட்டும்.

லீலா மஹால் பக்கம் ஒரு சந்தில் மாடி அறை கிடைத்தது. டிராவல்ஸ் முதலாளி நரசிம்மன் பேசிக் கொடுத்தார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு சந்திரகிரி கோட்டை, காணிப்பாக்கம் என்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வண்டி அவருடையது. சொந்த வண்டி வாங்க ஆசைப்பட்டுத்தானே இத்தனை வினையும். லோன் கிடைக்கும் என்று எவனோ சொன்னான், இல்லாத வருமானத்தைக் காட்டி இன்கம்டாக்ஸ் கணக்குப் போட்டேன். லோன் வரவில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் வரி கட்டுகிற பெரிய மனுஷன் ஆகிவிட்டேன், நம் ரேஷன் கார்டை அடித்துவிட்டார்கள். அரிசிதானே, போனால் போகட்டும் என்று அன்று நீயும் நானும் சிரித்தோம். உன் மார்பில் கட்டி வந்து, கார்டு இருந்தால் ஆப்பரேஷன் இலவசம், இல்லாவிட்டால் வீட்டை விற்றாலும் காணாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது.

புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்குத் தனிக் கார்டு உண்டு என்று நம் தெருவுக்குக் கவர்மெண்ட் போட்ட வாலண்டியர் பவன்குமார் பேச்சுவாக்கில் சொன்னான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நாம் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம். நான் விட்டுவிட்டுப் போனவன் ஆகிவிட்டேன்.

ரெவின்யூ ஆபீஸிலிருந்து வி.ஆர்.ஓ. விசாரணைக்கு வந்தாரா? ஜெமிமா என்ன சொன்னாள்? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, முன்னால் போடாதே.

உன்
டைட்டஸ்


சித்தூர்
6.12.2021

அன்புள்ள ஜெமிமா நைனாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் பிள்ளையும் இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

கார்டு வந்துவிட்டது. அதில் என் பெயர், கீழே ஜெமிமா பெயர், அவ்வளவுதான். வாங்கினவுடன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரைத் தேடினேன், பழக்க தோஷம்.

வி.ஆர்.ஓ. வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. அவர் தெலுங்கில், "ஏமம்மா, மீ ஆயன எக்கட?" என்று உங்களைத்தான் கேட்டார். ஜெமிமாதான் முன்னால் வந்தாள். "அவரு எங்கள உட்டுட்டுப் போயிட்டாரு சார். எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சிக்கினுதான் போனாரு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. நாம் நினைத்தது சரிதான், அவளுக்குப் பொய் வராது, அதனால்தான் அவளிடம் மறைத்தோம். ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேனே, அந்த நேரத்தை எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்களைச் சிரிக்க வைக்கவும் ஒன்று இருக்கிறது. "ரேணிகுண்டாவுல ஒருத்திய வச்சிக்கினு இருக்கான்" என்று மேரி அக்கா ஒரு வார்த்தைதான் போட்டாள். தெரு அவளுக்குப் பெயரே வைத்துவிட்டது. சுலோச்சனாவாம். புடவைக் கடை வைத்திருக்கிறாளாம், உங்களைவிட உயரமாம். பிடித்ததும் பிடித்தீர்கள், புடவைக் கடைக்காரியைப் பிடித்தீர்களே, கெட்டிக்காரர்தான்.

ஜனவரி முதல் வாரம் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். ஒரு ரூபாய் கேட்கவில்லை. கூட ஜெமிமா இருப்பாள், அதனால் நீங்கள் வார்டு பக்கம் வரவே கூடாது. எல்லாம் முடிந்த அன்றைக்கு நானே அவளை உட்காரவைத்து உண்மையைச் சொல்லுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

ஹன்னா


திருப்பதி
9.1.2022

அன்புள்ள ஹன்னாவுக்கு,

நீ கண் விழித்தாய் என்று மேரி அக்கா போன் பண்ணினாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். பின்னால் உட்கார்ந்திருந்த விஜயவாடாக்காரர்கள், டிரைவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று இறங்கிவிட்டார்கள்.

ஆப்பரேஷன் அன்று ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடையில்தான் இருந்தேன். நான் உள்ளே வரவில்லை, கோபிக்காதே. கடைக்காரன், "யாருக்குண்ணா உடம்பு சரியில்ல?" என்றான். தெரிந்தவர்களுக்கு என்றேன். உன்னைத் தெரிந்தவள் என்று சொல்லிவிட்டு அவன் டீயையே குடித்தேன். அப்போது ஜெமிமா பிளாஸ்க் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி அதே கடைக்கு வந்தாள். நான் எழுந்து பின்பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன். எத்தனை மெலிந்துவிட்டாள்! "பால் சூடா இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். உன் குரல் அப்படியே.

இங்கே ஊரையே தோண்டிப் போட்டு மேம்பாலம் கட்டுகிறார்கள். சுவரெல்லாம் படம் எழுதுகிறார்கள், கம்பத்துக்குக் கம்பம் கலர் விளக்கு. வருகிறவர்கள் எல்லாம் என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "எவ்வளவு செலவு பண்றாங்க பாருங்க" என்று வாயைப் பிளக்கிறார்கள். நான் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். கோடி கோடியாய்க் கொட்டுகிறார்கள், சரி. அதில் டைட்டஸுக்கு என்ன வந்தது? பெண்டாட்டிக்குக் கத்தி வைக்கிற நாளில் டீக்கடை பெஞ்சில் ஓர் இடம். இந்தக் கணக்கை யாரிடம் சொல்ல முடியும், உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். நீ தேறி வா.

டைட்டஸ்


சித்தூர்
20.3.2022

அன்புள்ள ஜெமிமா நைனாவுக்கு,

ஸ்தோத்திரம். தலைமுடி எல்லாம் போய்விட்டது. நீங்கள் இப்போது பார்த்தால் நம் பழைய போதகர் ஐயாவுக்குப் புடவை கட்டிவிட்டது போல இருக்கும்.

உங்கள் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் மனசுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். மருந்து ஏற்றும்போது மேலே தொங்குகிற பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பக்கத்துக் கட்டிலில் பாகாலா பக்கத்து ருக்மணி. நிலக்கடலை பிடுங்குகிறவள், கையெழுத்துப் போடத் தெரியாது. அவளுக்கும் எனக்கும் ஒரே மருந்து. எங்கள் இரண்டு பேருக்கும் இதை வாங்கித் தர எந்த அண்ணன் தம்பி இருக்கிறான்? நீங்கள் டீசலுக்கும் சோப்புக்கும் கொடுத்த வரியில் ஒரு சொட்டாவது அந்தப் பாட்டிலில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது. மேம்பாலத்தை நீங்கள் திட்டிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நமக்கு ஒன்றும் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். என் உடம்புக்குள் ஓடுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. ஒன்றாம் தேதி விடியற்காலையில் பவன்குமார் மிஷினை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, ஒண்டரி மகிளா பென்ஷன் உங்களுக்கு வந்துட்ச்சி, விரல் வைங்க" என்றான். புருஷன் இல்லாமல் தனியாக வாழும் பெண்ணுக்குக் கொடுப்பதாம். நான் கேட்கவில்லை, அவனே நல்ல மனசில் எழுதிப் போட்டிருக்கிறான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். நான் விரலை வைத்தேன்.

ஹன்னா


திருப்பதி
2.4.2022

ஹன்னா,

நான் செத்துப்போகவில்லை. இங்கே உயிரோடுதான் இருக்கிறேன்.

உன் வைத்தியத்துக்காக ஊர் வாயில் விழுந்தேன், சர்ச்சில் பெயர் கெட்டது, பெற்ற பெண் என்னைக் கண்டால் காறித் துப்புவாள், எல்லாம் சரி என்றுதான் வந்தேன். இப்போது நான் இல்லாததற்கு மாசா மாசம் உனக்குக் கூலி கொடுக்கிறார்கள், நீ விரலை வைத்து வாங்கிக்கொள்கிறாய். மருந்து அவர்கள் தருகிறார்கள், அரிசி அவர்கள் தருகிறார்கள், விடிவதற்குள் வாசலுக்கு ஆள் வருகிறது. நான் எதற்கு? நீ கவர்மெண்டையே கட்டிக்கொண்டிருக்கலாம்.

டைட்டஸ்


சித்தூர்
11.9.2022

ஜெமிமா நைனாவுக்கு,

ஐந்து மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மேரி அக்கா நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்களையும் கொண்டு வந்து கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள், படித்தேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். நான் உங்களை விற்றுவிட்டேன் என்று நீங்கள் நினைத்தது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பணம் முழுவதும் ருக்மணிக்குத்தான் போகிறது. அவளுடைய பிள்ளைகளுக்குப் பஸ் செலவுக்குக் கொடுக்கிறேன், நான் தொட்டதில்லை.

மருந்து ஏற்றுவது முடிந்தது. இனி ஊசி மட்டும். பரிசோதனையில் நல்லபடியாக இருக்கிறது என்றார்கள்.

ஜெமிமாவுக்குப் புத்தூர் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. பீஸ் எல்லாம் கவர்மெண்ட், கார்டைக் காட்டினோம், என் கணக்குக்கே தவணை தவணையாக வருகிறது. வெள்ளை உடுப்புப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டாள். நீங்கள் அந்த ஒரு நிமிஷம் இருந்திருக்க வேண்டும்.

இதையும் எழுதாமல் இருந்தால் நான் மனுஷி இல்லை. உங்கள் தட்டு இருக்கிறதே, அதை எடுத்து வாசலில் வைத்து அவள் தெரு நாய்க்குச் சோறு போடுகிறாள். தினம் போடுகிறாள். "நாய்க்காச்சும் நன்றி இருக்கும்மா" என்கிறாள். நான் உள்ளிருந்து பார்க்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ் பிடித்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள், அவள் சுபாவம் அப்படி. அப்புறம் கார்டு? அடுத்த தெரு சுந்தரம்மா மகன் வெளியூரில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரியில் வந்து வந்து போனான். எவனோ மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டான், பென்ஷன் நின்றுவிட்டது. இப்போது அந்த அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு வருவோர் போவோரிடம் எல்லாம் அழுகிறாள்.

இன்னும் கொஞ்ச நாள். சளி பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், குறைந்ததா?

ஹன்னா


திருப்பதி
26.12.2022

அன்புள்ள ஹன்னாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், உனக்கும் நம் நர்சம்மாவுக்கும்.

நேற்று இங்கே சர்ச்சுக்குப் போனேன். சித்தூர் சபையிலிருந்து என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். போதகர் நல்ல மனிதர், தனியாகக் கூப்பிட்டு, "நீங்க இராப்போஜனத்துக்கு மட்டும் எழுந்து வராதீங்க பிரதர், மத்தபடி வாங்க" என்றார். அப்பமும் ரசமும் வாங்க வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். எங்கள் பெஞ்சில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஆண்டவருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆண்டவருக்குத் தெரிந்து என்ன செய்வது, என் மகளுக்குத் தெரியவில்லையே.

ஹன்னா, போதும். நீ தேறிவிட்டாய். அந்த வருஷத்துக்குப் பிறகு நான் வரிக் கணக்கே போடவில்லை, கம்ப்யூட்டர் இன்னுமா என்னைப் பெரிய மனுஷன் என்று வைத்திருக்கும்? பவன்குமாரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பார். புருஷன் திரும்பி வந்தால், பெயரைச் சேர்த்தால், கார்டு நிற்குமா போகுமா என்று சும்மா கேள். போகும் என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். நிற்கும் என்றால் அன்றைக்கே பாகாலா பாசஞ்சரில் ஏறிவிடுவேன்.

உன் பதிலுக்காகத்தான் இருக்கிறேன்.

டைட்டஸ்


சித்தூர்
15.1.2023

அன்புள்ள ஜெமிமா நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு கார்டு வேலை பார்க்கிற சச்சிவாலய ஆபீஸ் வரைக்கும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே வரிசை நின்றது, நம் தெரு ஆட்கள் மூன்று நான்கு பேர். நான் கேட்கிற கேள்வியை அவர்கள் காதில் வாங்காமல் இருப்பார்களா? கேட்டவுடன், "இன்னா ஹன்னா, வந்துட்டாரா? எப்ப வந்தாரு? நெஜமாவே போய்த்தான் இருந்தாரா?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மனு போதும், மறுபடி விசாரணை. ஊசி நின்றுவிடும். ஜெமிமாவுக்கு இன்னும் படிப்பு பாதி கூட ஆகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முன்னெல்லாம் சாவுக்குப் பயந்தேன். இப்போது அந்த அட்டை போய்விடுமோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். கொடுத்தவர்கள் நல்லதுக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் வாங்கின நாளிலிருந்து நான் நிமிர்ந்து நடக்கவில்லை.

நீங்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைத் தலையணைக்குள் போட்டுத் தைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.

ஹன்னா


திருப்பதி
24.9.2023

அன்புள்ள ஹன்னாவுக்கு,

நலமா? நீ பொறுக்கச் சொன்னாய், பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

மேம்பாலம் திறந்துவிட்டார்கள். உண்மையை எழுதிவிடுகிறேன், நல்லாத்தான் இருக்கிறது. போன வாரம் படியில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவரைப் புத்தூருக்குக் கட்டுப் போடக் கொண்டு போனேன். வண்டி குலுங்கினால் கத்துவார் என்று பயந்தேன், தூங்கிவிட்டார். உன்னைத்தான் நினைத்தேன். நீ சொன்னது சரி, ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எல்லாம் வருகிறது. நமக்கு வரும்போது மட்டும் வீட்டில் ஓர் ஆளை எடுத்துக்கொண்டு வருகிறது.

அந்தப் பக்கமாகப் போனதில் ஜெமிமாவின் காலேஜையும் பார்த்தேன். கேட்டுக்கு வெளியேதான். வண்டியை நிறுத்தவில்லை, மெதுவாக ஓட்டினேன்.

டைட்டஸ்


சித்தூர்
12.11.2023

அன்புள்ள ஜெமிமா நைனாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நேராகவே எழுதுகிறேன். மறுபடியும் வந்துவிட்டது. இடுப்பு வலி என்று போனேன், எலும்பில் பரவியிருக்கிறது என்கிறார்கள். மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரி, மறுபடியும் கட்டில், எல்லாம் கார்டிலேயே. டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் நிறைய நேரம் பேசினாள். வலி குறைக்க மருந்து இருக்கிறது என்றாள். வேறு எதற்கும் இருக்கிறது என்று சொல்லவில்லை.

இனி எதற்குப் பயப்படுவது? கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். அதற்குள் ஜெமிமாவிடம் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். யார் என்ன எழுதிப் போட்டாலும் போடட்டும்.

வெள்ளைச் சட்டை இருக்கிறதா? இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹன்னா


திருப்பதி
17.11.2023

என் ஹன்னாவுக்கு,

வருகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டை இருக்கிறது.

நீ பேசாமல் படுத்திரு. மகளிடம் மெதுவாகச் சொல். அவள் கத்தினால் கத்தட்டும், தடுக்காதே.

டைட்டஸ்


சித்தூர்
19.12.2023

அன்புள்ள ஜெமிமா நைனாவுக்கு,

என் எழுத்தும் கோணலாக வருகிறது, மெதுவாகப் படியுங்கள். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். இன்னும் சொல்லவில்லை.

மூன்று தரம் ஆரம்பித்தேன். நேற்று அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "ஜெமி, உங்க நைனா..." என்றேன். "அந்த ஆளு பேச்ச எடுக்காதம்மா. நீ ஒருத்திதான் எனக்கு நெஜம்" என்றாள். நான்தான் அவளுக்கு நிஜமாம்.

ஜனவரி கடைசியில் அவளுக்குப் பரீட்சை முடிகிறது. அப்போது சொல்லிவிடுவேன். அதுவரை எனக்குத் தெம்பு தரும்படி ஜெபம் பண்ணுங்கள். உங்கள் கையால் ஒரு வாய் கஞ்சி குடிக்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் வைத்தால் உப்பு அதிகமாகத்தான் இருக்கும், இருந்தாலும்.

ஹன்னா


திருப்பதி
10.3.2024

ஹன்னா,

மேரி அக்காவுக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா பழக்கத்தில் உன் பெயரைப் போட்டுவிட்டது. சரி, உனக்கே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் மேரி அக்கா போன் பண்ணினபோது நான் காளஹஸ்தி ரோட்டில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் உன்னை சர்ச்சில் வைத்துவிட்டார்கள். நான் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள், நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு கிட்டே வந்தேன். ஜெமிமா திரும்பிப் பார்த்தாள். "நீங்க போடாதீங்க" என்றாள், அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. நான் கையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீ அவளிடம் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. இருந்தது. நீ இருந்தால் சண்டை போடுவேன், இல்லாதவளிடம் என்ன போடுவது.

போன வாரம் அவளே ஆள் விட்டுக் கூப்பிட்டாள். மேரி அக்கா ஏதாவது சொல்லிவிட்டாளோ என்று நினைத்தேன். அப்படி இல்லை. காலேஜ் பீஸ் உன் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது அல்லவா, நீ போனதும் நின்றுவிட்டது. தாய் இல்லாவிட்டால் தகப்பன் பெயர் கார்டில் இருக்க வேண்டும், தகப்பன் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்று சச்சிவாலயத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்காகக் கூப்பிட்டிருந்தாள்.

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் மஞ்சு என்று ஒருத்தி, நல்ல மாதிரி. நான்தான் பயந்து பயந்து சொன்னேன், "என் பேர்ல இன்கம்டாக்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா, அதனால பாப்பாவோட கார்டுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று. அவள் தட்டிப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணும் லேதண்ணா. அது ரெண்டாயிரத்து இருபத்திரண்டு முடியறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. நீங்க அப்பவே வந்திருந்தா அப்பவே சேர்த்திருப்போமே, ஏன் வரல?" என்றாள்.

ஹன்னா, அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் உனக்கு எழுதினேன். நீ இதே வாசலில்தான் செருப்பைக் கழற்றினாய். நாலு எட்டு வைத்து உள்ளே வந்திருந்தால், இதே பெண் இதே வார்த்தையை உன்னிடம் சொல்லியிருப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் நாம் ஒரே வீட்டில் இருந்திருக்கலாம். உனக்கு நான் உப்புக் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேன். யாரும் நம்மைத் தடுக்கவில்லை, ஹன்னா. யாரும் தடுக்கவில்லை.

எனக்கு முன்னால் ஜெமிமாவே மஞ்சுவுக்குப் பதில் சொன்னாள். "அப்ப இன்னா, எப்பவும் வந்திருக்க மாட்டாரு மேடம். அவருக்கு வேற குடும்பம் இருக்கு."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ரேணிகுண்டாவில் யாரும் இல்லை, எந்தப் புடவைக் கடையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். உன் மோதிரத்தை விரலில் போட்டுத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாள். சொன்னால் என்ன ஆகும்? தாயே தன்னை நம்பவில்லை, தன் ஆத்திரத்தை வி.ஆர்.ஓ.வுக்குச் சாட்சியாகக் காட்டினாள், தகப்பன் தட்டில் நாய்க்குச் சோறு போடும்போது பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது எல்லாம் கடைசியில் தேவையே இல்லாமல் போனது என்றும் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவள் எப்படிப் பிழைப்பாள்? என்னை வெறுத்து அவளுக்குப் பழகிவிட்டது. உன்னை வெறுக்க அவளுக்குத் தெரியாது. நீ ஒருத்திதான் நிஜம் என்றாளே, இருந்துவிட்டுப் போ. மேரி அக்கா, "நானே பாப்பாகிட்ட சொல்லிடட்டுமா டைட்டஸு?" என்று கேட்டாள். வேண்டாம் அக்கா, சத்தியம் பண்ணு என்றேன். பண்ணிவிட்டாள்.

நான் விரலை வைத்தேன். மஞ்சு உன் பெயரை எடுத்தாள், என் பெயரைச் சேர்த்தாள். இரண்டும் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இப்போது கவர்மெண்ட் கணக்கில் நானும் என் மகளும் ஒரு குடும்பம்.

நமக்கு என்ன வந்தது என்று நாம் எழுதி எழுதிச் சண்டை போட்டோமே, அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். முதலில் பார்த்த டாக்டர் நீ அடுத்த ஈஸ்டர் பார்க்கமாட்டாய் என்றார், நீ இரண்டு பார்த்தாய். பிள்ளை வெள்ளை உடுப்புப் போட்டதைப் பார்த்தாய். அது வந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாங்கிக்கொள்ளத் தெரியாமல் வாங்கிவிட்டோம், அதுதான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். என் பெயருக்கு இனி பீஸ் வரும், மெசேஜ் என் போனுக்குத்தான் வரும் என்பதால் நம்பரைக் கேட்டாள். சொன்னேன். தன் போனில் தட்டிக்கொண்டே இருந்தாள், நான் உயரம் இல்லையா, எட்டிப் பார்த்துவிட்டேன். நைனா என்று போடவில்லை. என் பெயரும் போடவில்லை. "கார்டு" என்று போட்டுக்கொண்டாள்.

தவணை வருகிற மாதம் கூப்பிடுவாள். நான் எடுப்பேன்.

டைட்டஸ்